விளம்பரத்தில் 40, டைனோவில் 34

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைக் கம்பெனிகள் எச்.பி.யை, அதாவது குதிரைத் திறனை, கூட்டிச் சொல்லி ஏமாற்றுகின்றன என்று உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். வண்டியை டைனோவில், அதாவது பின் சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றிப் பார்த்தாராம், விளம்பரத்தில் 40 போட்டிருக்க, 34 தான் வந்ததாம். பாளையங்கோட்டையில் இரு சக்கர வாகன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எங்கள் கடைக்கே பையன்கள் கேள்வியோடு வர ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். அவருக்கு வந்த 34 சரியான கணக்குதான். கம்பெனி சொன்ன 40-ம் அனேகமாகச் சரியான கணக்குதான்.

கம்பெனி சொல்வது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில், அதாவது பிஸ்டன் சுழற்றுகிற தண்டில், கிடைக்கும் திறனை. பைக்கில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் பெரும்பாலும் கியர் பாக்ஸை விட்டு வெளியே வரும் ஷாஃப்ட்டில் அளந்து, நடுவில் கியர் தின்றதைக் கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். டைனோ கடையில் அளப்பதோ பின் டயர் உருளையைச் சுற்றுகிற திறனை. இடையில் பிரைமரி கியர், கிளட்ச், கியர் பாக்ஸ், செயின், வீல் பேரிங், கடைசியில் நசுங்கி நசுங்கி உருளும் டயர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பாபநாசம் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அத்தனையும் கடைமடை வயலுக்கு வந்து சேர்வதில்லை, அப்படித்தான் இதுவும். செயின் வண்டியில் 10 முதல் 15 சதவீதம் போவது சாதாரணம், கியர் இல்லாத பெல்ட் ஸ்கூட்டரில் இன்னும் கூடப் போகும். எண்ணெயே காணாத செயின் என்றால் கேட்கவே வேண்டாம். பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், சில கண்ணிகள் ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டிய பிறகும் நேராகாமல் மடங்கியபடியே விறைத்து வரும். அந்த இறுக்கத்தையும் இன்ஜின்தான் இழுத்தாக வேண்டும்.

அலகிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர் விளம்பரங்களில் பெரும்பாலும் பி.எஸ். (மெட்ரிக் குதிரைத் திறன்) இருக்கும், சிலர் பி.எச்.பி. (எச்.பி. அளவேதான்) போடுவார்கள், டைனோ தாளில் பெரும்பாலும் எச்.பி. வரும். ஒரு பி.எஸ். 735.5 வாட், ஒரு எச்.பி. 745.7 வாட். 40 பி.எஸ். என்பது எச்.பி.யில் 39.45 தான், அதிலிருந்து 34-க்கு இறங்கியது 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. செயின் வண்டிக்கு இது இயல்பான அளவு.

சரி, அப்படியானால் ஏமாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது நடப்பது பெரும்பாலும் வண்டி விற்ற இடத்தில் இல்லை, வாங்கிய வண்டிக்குப் ‘பவர் ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்லும் இடத்தில். தெரிந்தவர் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, வண்டில பவர் இல்லன்னு சொல்லுதான், ரீமேப்பும் சைலன்சரும் போட இருவத்தஞ்சாயிரம் கேக்கான்” என்று மகனைப் பற்றி வருத்தப்பட்டார். ரீமேப் என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது. பையன் கையில் டைனோ தாள் இரண்டு. தன் வண்டியில் முன்னால் எடுத்ததில் 34, ரீமேப் போட்ட நண்பன் வண்டியில் எடுத்ததில் 36. இரண்டு தாளின் மூலையிலும் பொடி எழுத்தைப் பார்த்தேன். ஒன்றில் எஸ்.ஏ.இ. என்றிருந்தது, மற்றதில் எஸ்.டி.டி.

இந்தப் பொடி எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், இன்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் குறையும், திறனும் குறையும். சித்திரை வெயிலில் எடுத்த அளவையும் மார்கழியில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக டைனோவின் கம்ப்யூட்டர் ஒரு திருத்தம் போட்டு எண்ணை மாற்றித் தருகிறது. எஸ்.ஏ.இ. திருத்தம் 25 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடும். எஸ்.டி.டி. வைத்திருப்பது 15.5 டிகிரி, அழுத்தமும் அதற்குக் கூடுதல். நம் பக்கம் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் கிடையாது. ஒரே வண்டி, ஒரே ஓட்டம், எஸ்.டி.டி.யில் பார்த்தால் மட்டும் 2 முதல் 4 சதவீதம் வரை கூடக் காட்டும். 34 இருக்கிற வண்டியில் அது ஏறக்குறைய ஒரு குதிரை. அதோடு டயரில் காற்று எவ்வளவு, வண்டியைக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள், எந்த கியரில் ஓட்டினார்கள், இன்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். பட்டையை மிகவும் இறுக்கினால் டயர் உருளையில் நசுங்கி எண் இறங்கும். முதல் ஓட்டத்துக்கு இறுக்கி, ரீமேப் போட்ட பிறகு தளர்த்தினாலே ‘பவர்’ ஏறிவிடும். அந்தப் பையன் பார்த்த இரண்டு குதிரையில் எவ்வளவு ரீமேப் கொடுத்தது, எவ்வளவு தாள் கொடுத்தது என்று அந்த இரண்டு தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. படிக்கிற பிள்ளை அதை நம்பி வீட்டில் இருபத்தைந்தாயிரம் கேட்கிறான், எனக்கு ஆத்திரம் அங்கேதான் வருகிறது.

திருத்தம் போட்ட எண் வண்டிக்குள் இருப்பதும் கிடையாது. மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலைக்கு ஏறும் வண்டிக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அங்கே டைனோ வைத்து அளந்தால் கம்ப்யூட்டர் அந்தக் குறையைக் கூட்டிக் கொடுத்துவிடும், ஏற்றத்தில் இழுக்கிற இன்ஜினுக்கு யார் கூட்டிக் கொடுப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் போடும் எண் உச்சத் திறன், அது ஒரே ஒரு ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்கிற ஒரே வேகத்தில், மட்டும் வருவது. இப்போதைய புல்லட் 350-ல் 20.2 பி.எச்.பி. என்பது 6100 ஆர்.பி.எம்.மில். அதன் டார்க்கின் (சுழற்றும் விசையின்) உச்சமான 27 நியூட்டன் மீட்டர் 4000-ல். கணக்குப் போட்டால் 4000-ல் அந்த இன்ஜின் கொடுப்பது 15.2 பி.எச்.பி., நாம் ஓட்டுவது பெரும்பாலும் அதற்கும் கீழே. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ல் உச்சம் 3.2 கிலோவாட், 6000-ல். வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு களக்காட்டில் இருந்து வருகிறவருக்குத் தேவைப்படுவது 3500-ல் வரும் 6.5 நியூட்டன் மீட்டர், அதனால்தான் அவ்வளவு சின்ன எண்ணை வைத்துக்கொண்டு அந்த வண்டி அவ்வளவு பாரம் இழுக்கிறது.

ஆனி, ஆடியில் நாகர்கோவில் ரோட்டில் போய்வந்து ‘வண்டி இழுக்கவில்லை’ என்று வருகிறவர்களும் உண்டு. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், 60-ல் போகிற வண்டிக்குக் காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டேகால் மடங்கு திறன் வேண்டும். வண்டியில் ஒரு குறையும் இருக்காது.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். வாகனப் பக்கத்தில் ஒரு பைக்கின் திறனை அச்சிடும்போது கிலோவாட், எந்த ஆர்.பி.எம்., கிராங்க்கில் அளந்ததா சக்கரத்தில் அளந்ததா, டார்க் எவ்வளவு, அது எந்த ஆர்.பி.எம்.மில் என்று சேர்த்துப் போடுங்கள். டைனோ அளவு என்றால் என்ன திருத்தம், அன்றைக்கு என்ன வெப்பம் என்பதும் வேண்டும், இடம் போதவில்லை என்றால் வண்டியின் படத்தைச் சிறிதாக்கலாம். ரீமேப் போடப் போகிற தம்பிமார்கள் முன்னும் பின்னும் ஒரே வண்டியை, ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், ஒரே கியரில், ஒரே திருத்தத்தில் ஓட்டச் சொல்லி, திருத்தம் போடாத தாளையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுக்கும் கடையில் பணம் கட்டாதீர்கள். அதற்கு முன்னால் செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரை மாற்றி, டயரில் காற்றைச் சரியாக வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.