அபசுரக்காரனையும் மேடைக்குக் கூட்டி வாருங்கள்

ஜாஸ் மேடைகளில் பாடுகிறவர்களுக்கு,

வணக்கம். ‘டெசஃபினாடோ’ என்ற பிரேசில் பாட்டை நீங்கள் ஆங்கிலத்தில் பாடும்போதெல்லாம் ஒரு ஆள் காணாமல் போகிறான். அவனுக்காகத்தான் இந்த மடல்.

அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்குச் ‘சுருதி சேராதவன்’ என்று பொருள். நீ பாடுவது அபசுரம் என்கிறாள் காதலி. உன்னைப் போன்ற காது எல்லோருக்கும் வாய்க்குமா, ஆண்டவன் எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான் என்று அவன் வாதாடுகிறான். இதற்குப் பெயர் போசா நோவா (சாம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் இசைப் பாணி), இது ரொம்ப இயல்பு என்று சாதிக்கிறான். பொய் சொல்லியாவது சாதிப்பேன் என்று அவனே ஒப்புக்கொள்வது தனி அழகு. தன் ரோலிஃபிளெக்ஸ் கேமராவில் அவளைப் படமெடுத்தானாம். பிலிமைக் கழுவினால் அவளுடைய நன்றிகெட்டதனம் தெரிந்ததாம். (பிலிம் கழுவுவதற்கும் குட்டு வெளிப்படுவதற்கும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல்.) சுருதி சேராதவன் நெஞ்சுக்குள்ளும் சத்தமில்லாமல் ஓர் இதயம் துடிக்கிறது என்று முடிக்கிறான்.

ஜான் ஹெண்ட்ரிக்ஸும் ஜெஸ்ஸி கவனாவும் எழுதிய ஆங்கில வரிகளில் இந்த ஆளும் இல்லை, கேமராவும் இல்லை. காதல் முடிவில்லாத மெட்டு என்று தொடங்குகிறது. சுருதி விலகுவது இருவரின் காதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெட்டு செய்கிற குறும்பு அதோடு போய்விடுகிறது. எஃப் மேஜரில் வாசித்துப் பாருங்கள்: இரண்டாவது கார்டே (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) ஐந்தாம் சுரம் அரை இடம் இறங்கிய ஜி செவன். முதல் வரி போய் நிற்பதும் அந்த இறங்கிய சுரத்தில்தான். கேட்பவருக்குப் பிசகிவிட்டதோ என்று தோன்றும். பாடுகிறவர் இம்மி பிசகினாலோ பாட்டே கவிழ்ந்துவிடும். நிஜ அபசுரக்காரனால் பாடவே முடியாத பாட்டு இது. இந்த நக்கல் வரிகளோடு சேர்ந்தால்தான் எடுபடும்.

பிரேசில் பாடகர் ஜுவாங் ஜில்பெர்டோ 1958-ல் இதை ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடிப் பதிவு செய்தார். 1962 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஒரு தேவாலயத்து ஹாலில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார் கலைஞர் சார்லி பேர்டும் வரிகளே இல்லாமல் வாசித்தார்கள். கெட்ஸுக்கு கிராமி கிடைத்தது, பாட்டு உலகமெங்கும் போயிற்று.

இந்தப் பாட்டின் மெட்டிலும் வரிகளிலும் இசையமைப்பாளர் டாம் ஜோபிமோடு சேர்ந்து உழைத்தவர் நியூட்டன் மென்டோன்சா. ஜோபிமின் இளவயதுத் தோழர், ரியோ நகரத்துக் கோபகபானா இரவு விடுதிகளில் பியானோ வாசித்தவர். 1960 நவம்பர் 22-ல் மாரடைப்பில் போய்விட்டார், வயது 33. ஜோபிமும் ஜில்பெர்டோவும் நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடையேறியது 1962 நவம்பர் 21. மறுநாள் நியூட்டனின் இரண்டாம் நினைவு நாள்.

ஆகவே, அடுத்த முறை ‘ஜோபிமின் பாட்டு’ என்று அறிவித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மென்டோன்சா பெயரையும் சொல்லுங்கள். போர்த்துகீசிய வரிகளில் கொஞ்சமாவது பாடுங்கள். உச்சரிப்பு தடுமாறினால் பரவாயில்லை, இந்தப் பாட்டுக்கு அதுவும் பொருந்தும். ரோலிஃபிளெக்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் ஒருவன்