தம்பி, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை (எல்.எஃப்.டி) எடுத்தாயா?

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சாப்பாடே இறங்கவில்லை, குமட்டுகிறது என்று சொல்லிவிட்டு உடனே ஆபீஸ் பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நான் அனுப்புகிற மெசேஜுக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் வரவில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், முழுசாகப் படி.

டி.பி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிடும் என்று விட்டுவிடாதே. நீ இன்னும் முதல் இரண்டு மாதத்தில்தான் இருக்கிறாய், நாலு மருந்தும் சேர்ந்து உள்ளே போகிற நேரம். அதில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. எல்லாருக்கும் வராது. வந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும், பசி போகும், குமட்டும், அசதி தட்டும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயப்படாதே, அது ரிஃபாம்பிசினின் சாயம். ஆனால் கடுங்காப்பி மாதிரி கறுத்துப் போனாலோ கண் மஞ்சளானாலோ லீவு கிடைக்குமா என்று யோசிக்காமல் அன்றைக்கே, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே டாக்டரிடம் போ. குமட்டலுக்கும் போகத்தான் வேண்டும். நாளைக்கே போ.

போய் எல்.எஃப்.டி எடு. அதில் எஸ்.ஜி.பி.டி என்கிற ஈரல் நொதி இருக்க வேண்டிய உச்ச அளவைவிட மூன்று மடங்கு ஏறி, உனக்கு இருக்கிற மாதிரி தொந்தரவும் இருந்தால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். தொந்தரவே இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு என்றால் நிறுத்துவார்கள். ஈரல் தேறியதும் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுப்பார்கள். அந்த முடிவு டாக்டருடையது. நீயே சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், அப்புறம் இந்த மாத்திரைகள் கேட்காது.

அம்மா கீழாநெல்லிப் பொடி பார்சல் அனுப்பப் போகிறாள். பிரிக்காதே. பக்கத்து வீட்டு ஆயி சொல்கிற குல்வேல் கஷாயமும் வேண்டாம், நம் சீந்தில்தான் அது. கொரோனா சமயத்தில் அதைக் குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி இங்கே மும்பை டாக்டர்களே 2021-ல் எழுதினார்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமாலையும் இஷ்டத்துக்குப் போடாதே.

மருந்துக்கடையில் நின்ற காலத்தில் டி.பி. மாத்திரை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் குடிப்பீர்களா என்று நேராகவே கேட்பேன். தாராவியில் அதற்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சிகிச்சை முடிகிறவரை ஒரு சொட்டு கூடாது, ஈரல் தாங்காது என்பேன். உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் சிநேகிதன் போட்ட போட்டோவை அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். அந்த மேஜையில் இருந்தது எதுவும் உன்னுடையதாக இருக்க வேண்டாம். சித்தப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ.

தங்கச்சி ஃபீஸ் கட்டிவிட்டாள். என் பையன் பெங்களூரிலிருந்து அனுப்பிய பணம் என்று சயான் கோலிவாடா முழுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று என்றால் அப்படி ஓடுகிறவன் உன் உடம்பென்றால் ஏன்டா இப்படி இருக்கிறாய்? இங்கே மழை விடவில்லை, வேறு சேதி ஒன்றும் இல்லை.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு வேண்டாம், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வரச் சொன்னால் உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன், டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது.

அப்பா