தட்டு ஏந்தி நிற்கும் மூன்று பேர்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. மகளிர் தினத்துக்கு எல்லோரும் ஊதா நிறத்தில் உடுத்தியிருக்கிறீர்கள். நடுவில் கேக், பின்னால் பல நிறக் கைகள் கோத்த பதாகை. அலுவலகத்தில் 'எல்லோரையும் உள்ளடக்கும்' குழுவுக்கு உன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் உன் அப்பா பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் செக்கிங் மேஜையில் பனியனைப் புரட்டிய கண், ஓரத் தையலுக்குத்தான் முதலில் போகும். வலது ஓரத்தில் நீலச் சீருடையில் மூன்று பெண்கள் தட்டு ஏந்தி நிற்கிறார்கள். ஒருத்திக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. அவர்கள் பெயர் உனக்குத் தெரியுமா?

அடுத்த கூட்டத்தில் வாசிக்க, உழைக்கும் பெண்ணாக என் அனுபவத்தை அரைப் பக்கம் எழுதிக் கேட்டிருந்தாய். கேட்பவர்களுக்கு உற்சாகம் வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். அரைப் பக்கத்துக்கு அடங்குகிற கதை என்னிடம் இல்லை, உற்சாகத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் ஆடிட் வரும் நாள், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் சோதனைக்கு ஆள் அனுப்பும் நாள், உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு மட்டும் நான் சீக்கிரம் வீடு திரும்புவேன், நீ குதிப்பாய். முந்தின நாளே கழிவறையில் சோப்பு வந்துவிடும். முதலுதவிப் பெட்டி நிரம்பிவிடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சமத்துவ வாசகங்கள் சுவரில் ஏறும். குழந்தைகள் காப்பகத்தைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகளை அடுக்கி, வாட்ச்மேனின் பேத்தியைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளை அழாமல் இருக்க ஒரு பாக்கெட் பிஸ்கட். பையரின் ஆள் வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போவார். மறுநாள் காப்பகத்தில் அட்டைப் பெட்டிகள் திரும்பவும் குடியேறும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த நான்கு முறையை எங்கள் லைனில், எங்கள் தையல் வரிசையில், யாரும் கேட்டதே இல்லை. எழுந்து போனால் கணக்குக் குறையும்.

இப்போது நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று.

அந்தக் கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு நான்தான் தலைவி. மூன்று வருடமாகத் தலைவியாக இருந்தேன், அது எனக்குத் தெரியாது. ஓர் ஆடிட் நாளில், "உங்களைக் கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள் அக்கா, கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன். என் கையெழுத்து இருக்கிற கூட்ட நோட்டையும் காட்டினார்கள், அதை அன்றுதான் நானே பார்த்தேன். சுவரில் என் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்து நம்பி ஒரு பெண் வந்தாள். பேக்கிங்கில் இருந்தவள், உன்னைவிட இரண்டு வயது குறைவு. சூப்பர்வைசர் கையைப் பிடிக்கிறார், மறுத்தால் ஓவர்டைம் தர மறுக்கிறார் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அனுசரித்துப் போ கண்ணு." அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அந்த ஆள் அதே லைனில் இருந்தார்.

10 பேர் வேலை செய்தாலே குழு வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும், நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம் என்று வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டத்தில் இருப்பதையெல்லாம் நான் வேலையை விட்ட பிறகு படித்தேன். வெளியிலிருந்து வந்த அந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. அவரும் என்னைப் போல் நோட்டில் மட்டும் இருந்திருப்பார்.

அதனால் உன் குழுவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்கள் இடத்தில் ஒருவர் எதிர்த்துப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் அதே நாற்காலியில் வந்து உட்கார முடிகிறதா? முடிகிறது என்றால், எப்போது, யார் அப்படி உட்கார்ந்தார் என்று ஒரு பெயர் சொல். பெயர் கிடைக்கவில்லை என்றால் கேக்கை நிறுத்திவிட்டு அங்கிருந்து ஆரம்பி.

நம் கொங்குப் பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். வாங்க, சொல்லுங்க, இருங்க. அந்த 'ங்க' யாருக்குப் போய்ச் சேருகிறது என்று நான் ஒரு நாள் எண்ணினேன். கட்டிங் மாஸ்டருக்கு உண்டு. எனக்கு உண்டு. கழிவறை கழுவ வந்த அம்மாவுக்கு என் வயது, அவரை இருபத்திரண்டு வயதுப் பையன் 'வா, போ' என்றான். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பெயரே கிடையாது, எல்லோரும் 'இந்திக்காரி'. அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியா. சுவரில் இந்தியில் எழுதி ஒட்டியதை அவர்களில் பாதிப் பேர் படிக்கவில்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையம் நிரம்பிவிட்டது. ஹோலிக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஒன்றாக நின்றார்கள். அன்றிரவு நான் பிள்ளைகளின் விடுதிக்குப் போனேன். எங்கள் லைன் பிள்ளை ஒருத்தி என்னை 'மௌசி' என்பாள், அம்மாவின் சகோதரியை அப்படிக் கூப்பிடுவார்களாம். போனைக் காட்டி, "இது நிஜமா மௌசி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர்கள் வைத்த சோறும் பருப்பும் தின்றுவிட்டு அங்கேயே படுத்தேன். அவள் இருந்துவிட்டாள். பக்கத்து லைனில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு 'நிஜமா' என்று கேட்க ஆள் இல்லை. இதை என் பெருமைக்காகச் சொல்வதாக நினைக்காதே. அவள் வந்து இரண்டு வருடமாகியிருந்தது, அன்றுதான் முதல் தடவையாக அவள் தூங்குகிற இடத்தைப் பார்த்தேன்.

ஓவர்லாக்கில் காது கேளாத பையன் ஒருவன் இருந்தான். கம்பெனி காலண்டரில் அவன் படம் வந்தது. ஒருநாள் தீ ஒத்திகைக்கு மணி அடித்தார்கள், நாங்கள் எல்லோரும் வெளியே ஓடி வந்து எண்ணினால் ஒரு தலை குறைகிறது. உள்ளே அவன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறான்! எலக்ட்ரீஷியன் யாரையும் கேட்காமல் மறுநாளே மணியோடு ஒரு சிவப்பு விளக்கை இணைத்து அவன் மிஷினுக்கு எதிரே மாட்டினார். சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது, எங்களிடமும் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று தொங்கியது. முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சுவர்களில் மாட்டியவற்றில் உருப்படியானது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

சாதியைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவளாவேன். வெளிநாட்டுப் பையரின் படிவத்தில் நிறம், மதம், பாலினம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நம் சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரோடு டப்பாவைத் திறக்கிறார்கள் என்பதற்குக் கட்டம் எதையும் நான் பார்க்கவில்லை. புதிதாக ஒருத்தி வந்தால் 'எந்த ஊர்?' என்பார்கள். ஊரில் தெரியவில்லை என்றால் 'எந்தப் பக்கம்?', பிறகு 'குலதெய்வம் எது?' மூன்றாவது கேள்விக்குள் முடிவு தெரிந்துவிடும், டப்பாக்கள் தானாக நகரும். என் டப்பாவும் நகர்ந்திருக்கிறது அம்மிணி. 2018இல் அவினாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்த செய்தி வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அதைப் பேசி 'என்ன ஜனங்களோ' என்று அலுத்துக்கொண்டோம். பேசிய எல்லோரும் அவரவர் வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டிருக்கிறது. பெங்களூரில் உன் குழுவின் படிவத்தில் அந்தக் கட்டம் உண்டா? உங்கள் இடத்தில் கேள்வி இன்னும் நாகரிகமாக இருக்கும். வீட்டில் சைவமா, முழுப் பெயர் என்ன என்பது மாதிரி.

இதெல்லாம் உடனே மாறாது, எனக்குத் தெரியும். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க நம் மாநிலத்தில் 2021இல் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்கே அவ்வளவு காலம்.

அந்த மூன்று பெண்களுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தானே, நம் ஊழியர்கள் இல்லை என்று உன் மேலாளர் சொல்லலாம். 2013ஆம் வருடச் சட்டத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, ஒப்பந்தத் தொழிலாளியும் உள்ளேதான். உங்கள் குழுவின் நம்பர் அவர்களிடம் இருக்கிறதா, கன்னடத்திலோ தெலுங்கிலோ அவர்கள் படிக்கிற எழுத்தில் இருக்கிறதா, அந்த நம்பருக்கு அடித்தால் யார் எடுக்கிறார்கள் என்று நீயே ஒருமுறை வேறு போனிலிருந்து அடித்துப் பார்.

என் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். அவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல். பேச மாட்டோம் என்றால் வற்புறுத்தாதே, அதற்கும் காரணம் இருக்கும். வருகிறோம் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்.

ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார் அப்பா.

அன்புடன்,
அம்மா