பாவித்த என்ஜின் கொம்பியூட்டர் விற்கும் முதலாளிமாருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டும் நோஸ் கட்டும் (பாதியாகவும் முன்பக்கம் மட்டுமாகவும் வெட்டிய பழைய வண்டிகள்) இறக்கி, பிரித்து, நாடு முழுவதும் உதிரிப்பாகம் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் திருகோணமலையில் வாகன வயரிங் வேலை செய்பவன். எந்தக் கடையின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு கடையின் பிழையென்றால் போனில் பேசித் தீர்த்திருப்பேன். எங்கே வாங்கினாலும் இதே கதையாக இருப்பதால்தான் பொதுவில் எழுத வேண்டி வந்தது.

என்ஜினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டரைத்தான் நாங்கள் பெட்டி என்போம். அண்மையில் வந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கம் ஹயர் ஓடும் ஒரு தம்பியின் 2003ஆம் ஆண்டு டொயோட்டா கார். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டு, க்ளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கொம்பியூட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. திறந்து பார்த்தால் போர்டில் செப்புக் கோடுகள் பச்சை பூத்து, பல இடங்களில் அறுந்தே போயிருந்தன. திருத்தினாலும் நின்றுபிடிக்காது. பழைய பெட்டியின் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். "அதேதான் அண்ணே, செக் பண்ணி வச்சிருக்கு" என்று பதில் வந்தது. 65,000 ரூபாவை எக்கவுண்டில் போட்டோம். இரவு பஸ்ஸில் பார்சல் வந்து சேர்ந்தது.

பார்சலைப் பிரித்தேன். அலுமினியப் பெட்டியின் மூலையில் மஞ்சள் பெயின்ட் பொட்டு ஒன்று. அது கடையின் அடையாளம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலக்கம் அச்சிட்டிருக்கும் வெள்ளை லேபிளுக்கு மேலே, சரியாக அதன் மேலேயே, கடையின் வரன்டி ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. கழற்றினால் கடை பொறுப்பல்ல என்று அதிலே அச்சிட்டிருந்தார்கள். 89661 என்ற முதல் ஐந்து இலக்கங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இலக்கத்தின் நடுவிலுள்ள சிறு கோட்டுக்குப் பின்னால் வருவதெல்லாம் ஸ்டிக்கருக்குள். இந்த 89661 டொயோட்டாவின் எத்தனையோ என்ஜின் கொம்பியூட்டர்களுக்குப் பொதுவானது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த மொடல், எந்த என்ஜின், ஓட்டோ கியரா மனுவலா என்பதையெல்லாம் பிரித்துக் காட்டுவது பின்னால் வருகிற ஐந்துதான்.

ஸ்டிக்கரை உரித்தால் வரன்டி இல்லை. உரிக்காவிட்டால் கையில் இருப்பது என்ன பெட்டி என்று தெரியாது. வேலை செய்பவன் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

சொக்கட்டுகள் சரியாகப் போய் இருந்தன. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது, இரண்டு செக்கனில் நின்றது. திரும்பவும் பிடித்தது, திரும்பவும் நின்றது. டாஷ்போர்டில் செக்கியூரிட்டி லைட் மினுங்கிக்கொண்டே இருந்தது. இமொபிலைசர், அதாவது தனக்குத் தெரிந்த சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத பூட்டு, உள்ள இன்னொரு வண்டியின் பெட்டி அது. தன் பழைய சாவியைத் தேடுகிறது. அதன் பிறகு ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் பின்னால் இருந்த ஐந்தில் மூன்று வேறு. கடைக்குப் போன் எடுத்தோம். மின்சாரச் சாமான் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். ஸ்டிக்கரும் கழன்றிருக்கிறதே என்று நினைவூட்டினார்கள்.

முதலாளிமாரே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. பெட்டியின் முழு இலக்கத்தையும் பில்லில் எழுதித் தாருங்கள். ஸ்டிக்கரை வேறு பக்கத்தில் ஒட்டுங்கள்.

அந்தத் தம்பியின் நிலைமையையும் நீங்கள் அறிய வேண்டும். எங்கள் கரையில் சீசன் மே மாதம் அளவில் தொடங்கிச் செப்டெம்பரோடு அடங்கிவிடும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஹயர் ஓடுபவர்கள் அந்தச் சில மாத உழைப்பில்தான் மாரி முழுவதையும் கடக்கிறார்கள். கடல் கொந்தளித்து, மழை பிடித்த பிறகு புறாத்தீவுக்குப் போக யாரும் வருவதில்லை. இப்போது அவனுடைய கார் என் கராஜ் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. அவன் காலையில் வந்து வாங்கில் உட்கார்ந்துவிடுகிறான். ஹோட்டலில் இருந்து போன் வரும்போது எழுந்து தெருவுக்குப் போய்ப் பேசி, அந்த ஹயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருகிறான். லீசிங் கட்டும் திகதி வந்தால் அதைப் பற்றியும் என்னிடம் பேசமாட்டான். "எப்ப அண்ணன் சரிவரும்?" என்று மட்டும் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஷோர்ட்டான இக்னிஷன் கொயிலையோ ஐடில் மோட்டரையோ மாற்றாமல், எர்த் வயரைச் சோதிக்காமல், நல்ல பெட்டியைப் பொருத்தி எரித்துவிட்டு, "பெட்டி பழுது" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். முதல் பெட்டியைக் கொன்ற காரணம் வண்டியில் அப்படியே இருந்தால் இரண்டாவது பெட்டியும் போகத்தான் செய்யும். அந்த நட்டத்தை உங்கள் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் எரிந்த பெட்டி வேறு, பொருந்தாத பெட்டி வேறு. எரிந்தால் போர்டில் அடையாளம் இருக்கும், மூடியைத் திறந்தால் யாரும் காணலாம். பொருந்தாத பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. வந்தபடியே உங்கள் தட்டுக்குத் திரும்பலாம். இரண்டையும் ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எந்த வகையில் நேர்மை?

இன்னொன்றையும் தயவுசெய்து யோசியுங்கள். ஹாஃப் கட் உங்கள் முற்றத்துக்கு வந்து இறங்கும்போது கொம்பியூட்டர், சாவிக் கொத்து, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள இமொபிலைசர் வளையம் எல்லாம் பெரும்பாலும் ஒரே வண்டியில்தான் இருக்கின்றன. பிரிக்கும்போதுதான் ஆளுக்கொரு குவியலுக்குப் போகின்றன. சாவி குப்பைக்கே போய்விடுகிறது. இமொபிலைசர் தனிப் பெட்டியாக உள்ள சில டொயோட்டாக்களில் பழுது பார்க்கும் ஸ்கானரைச் செருகும் சொக்கட்டின் 4ஆம், 13ஆம் பின்களை இணைத்து, சாவியை ஓனில் அரை மணித்தியாலம் விட்டால், மாற்றிய கொம்பியூட்டர் வண்டியிலுள்ள இமொபிலைசரோடு பழகிக்கொள்ளும். இமொபிலைசர் கொம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும் வகையில் அது நடக்காது. சாவிகளின் விபரம் உள்ளே ஒரு எட்டுக்கால் மெமறிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழைய பெட்டியின் சிப்பைக் கழற்றி இதில் ஒட்ட வேண்டும். தண்ணீர் குடித்த பெட்டியின் சிப் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம். ஒட்டுவதற்கு ஈயம் தொட்டால் உங்கள் வரன்டியும் அந்தக் கணமே முடிந்தது. நீங்கள் சாவியையும் வளையத்தையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பெட்டியோடு கட்டி வைத்தால் இவ்வளவு பாடும் பெருமளவு குறையும். பிரிக்கிற பையனுக்கு அது ஐந்து நிமிட வேலை.

பழைய காரை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், விற்றுவிட்டு வேறு எடுக்கலாமே என்று உங்கள் கடையில் ஒருவர் கேட்டாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் இங்கே ஓடிய பழைய காரெல்லாம் விலை ஏறியது, புதிதாக எதுவும் வரவில்லை. இப்போது வருகிற வண்டியின் வரியைக் கேட்டால் ஹயர் ஓடுகிறவனுக்குத் தலை சுற்றுகிறது. இருபது வருடத்துக் காரை ஓட வைப்பதைத் தவிர எங்கள் ஆட்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால்தானே உங்கள் வியாபாரமும் நடக்கிறது.

பேர்பெற்ற இயற்கைத் துறைமுகம் எங்கள் ஊரில் இருக்கிறது. ஆனால் உதிரிப்பாகக் கொள்கலனைப் பிரிப்பது கொழும்புப் பக்கம். நாங்கள் கேட்டு வாங்குவது 260 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. கொழும்பில் இருக்கிற மெக்கானிக் கடைக்கு நடந்து வந்து, நான்கு பெட்டியைக் கையிலெடுத்துப் பார்த்து, பொருந்தாததை மறுநாளே மாற்றிக்கொள்கிறார். திருகோணமலைக்காரனுக்கும் மன்னார்க்காரனுக்கும் கையில் இருப்பது ஒரு மங்கலான போட்டோவும் உங்கள் வாய்வார்த்தையும்தான். பில்லும் எங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் வருவதில்லை. தூரத்தில் இருப்பவனுக்குத்தான் எழுத்தில் கூடுதலாகத் தர வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது, அதுதான் வயிறெரிகிறது.

சட்டம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் பில்லில் "ஈசியு 1", அதாவது என்ஜின் கொம்பியூட்டர் ஒன்று, என்று மட்டும் எழுதியிருந்தால், நாங்கள் கேட்டது ஒன்று, நீங்கள் தந்தது வேறு என்று எதைக் காட்டி நிறுவுவது? உங்கள் மீது வழக்குப் போட்டுக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. நாளைக்கும் நான் உங்களிடம்தான் சாமான் வாங்க வேண்டும். எழுதியதில் ஏதும் கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். முழு இலக்கத்தையும் பில்லில் எழுதுங்கள். கழற்றிய வண்டி ஓட்டோவா மனுவலா, இமொபிலைசர் உள்ளதா இல்லாததா என்பதையும் அதற்குக் கீழே ஒரு வரியில் குறியுங்கள். சாவியும் வளையமும் இருந்தால் பெட்டியோடு சேர்த்து அனுப்புங்கள், அதற்கென்று தனிக் காசு கேட்டாலும் தருகிறோம். வெளிமாவட்டத்துக்கு அனுப்பும் பெட்டிகளுக்குப் பார்சல் கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் தாருங்கள். போர்டில் எரிந்த அடையாளமோ ஈயம் தொட்ட அடையாளமோ இல்லாவிட்டால் மாற்றித் தாருங்கள். பஸ் கூலியை நாங்கள் கட்டுகிறோம்.

அந்தப் பெட்டியைப் பார்சலாகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், மஞ்சள் பொட்டு அப்படியே இருக்கிறது. அனுப்பிய கடைக்கு இது எந்தப் பெட்டி என்று தெரியும். சரியான இலக்கத்தில் ஒன்றை அனுப்புங்கள், அல்லது காசைத் திருப்புங்கள். எதுவானாலும் இந்தச் சீசன் முடியுமுன் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
வாகன வயரிங் வேலை செய்பவன்,
திருகோணமலை.