தலைவர் பெண், பேசுவது கணவர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள். தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. பதவி வந்தது, சரி. அதிகாரம் வந்ததா?

எங்கள் தலைவரும் பெண்தான். ஆனால் மன்றக் கூட்டத்தில் பேசியதெல்லாம் அவர் கணவர். தீர்மான நோட்டு வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்காமலே அந்த அம்மா போட்டுக் கொடுத்தார். ஒருநாள் கணவர் வெளியூர் போயிருந்தார். குடிநீர் மோட்டார் ரிப்பேர் பில்லைத் தலைவரே வரிவரியாகப் படித்தார். "காயில் மட்டும்தானே கட்டினாங்க, புது மோட்டார் விலை எதுக்கு?" என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டார். விவரம் தெரியாதவர் இல்லை அவர். கேட்க விட்டதில்லை, அவ்வளவுதான்.

2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அடுத்து வரும் பெண் தலைவர்களுக்கு முதல் மாதமே கணக்குப் பார்க்கப் பயிற்சி தர வேண்டும், வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு. அப்புறம், உறுப்பினர் அல்லாதவர் உட்கார்ந்து பேசிய கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று அரசு கண்டிப்பாக ஆணையிட வேண்டும்.

- முன்னாள் வார்டு உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்