பாலத்துக்குப் பின்னால் ஒரு பழைய பயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான குரோஷியா பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் பெல்யெஷாட்ஸ் பாலத்தைச் சுற்றுலாப் பயணிகளின் வசதிக்காகக் கட்டியதுபோல இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பாலத்தின் கதையே வேறு.

ஏட்ரியாட்டிக் கடலோரமாக நீண்டு போகும் குரோஷியா, நேயும் என்ற ஊருக்குப் பக்கத்தில் அறுந்து போகிறது. அங்கே சுமார் 20 கி.மீ. கடற்கரை போஸ்னியாவுக்குச் சொந்தம். 2022-இல் அந்தத் துண்டைத் தொடாமல் கடல்மேல் கடந்துபோக 2.4 கி.மீ. நீளப் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கப்படும்வரை, வடக்கே ஸ்பிலிட் நகரிலிருந்து தெற்கே டுப்ரோவ்னிக் நகருக்கு பஸ் ஏறியவர், சொந்த நாட்டுக்குள் போவதற்கே எல்லைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். சில கிலோமீட்டரில் அடுத்த சாவடி, மறுபடியும் நீட்ட வேண்டும்.

குரோஷியா, போஸ்னியா எல்லாம் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்தபோது வந்த வினை என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1991-இல் அது நாட்டு எல்லையானது என்பது சரி. ஆனால் கோடு விழுந்தது 1699-இல், துருக்கிக்கும் வெனிஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கும் நடந்த போரை முடித்த கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது. டுப்ரோவ்னிக் அப்போது ரகூசா என்ற குட்டிக் குடியரசு. துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு கடல் வியாபாரம் செய்து பிழைத்தது. அதன் பயமெல்லாம், அக்கம்பக்கக் கடற்கரையைக் கையில் வைத்திருந்த இத்தாலியக் குடியரசான வெனிஸ் மீதுதான். வெனிஸ்காரன் நிலம் வழியாகத் தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று, வடக்கே நேயும், தெற்கே சுத்தொரினா என இரண்டு துண்டு நிலத்தைச் சுல்தானுக்கே விட்டுக்கொடுத்தது. வெனிஸும் கத்தோலிக்கம், இவர்களும் கத்தோலிக்கம்! இருந்தும் சுல்தானே பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும் என்றார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

இந்த ரகூசாவின் ஆட்சித் தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த மாதம் முழுக்க, அரசு வேலை இருந்தாலொழிய அரண்மனையை விட்டு வெளியே வரக் கூடாது. சொந்தக் காரியத்தை மறந்து பொதுக் காரியத்தைப் பாருங்கள் என்று பெரிய மன்றத்தின் வாசலிலேயே லத்தீனில் பொறித்து வைத்திருந்தார்கள். 1416-இலேயே அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்ட ஊர் அது. கடைசியில் 1808-இல் நெப்போலியனின் ஆட்கள் குடியரசைக் கலைத்தார்கள்.

மற்ற குரோஷியரின் கதை இப்படியல்ல. 1102 முதல் அவர்கள் ஹங்கேரி மன்னரின் கீழ் இருந்தார்கள். 1527-இல் அவர்களுடைய பிரபுக்கள் செட்டின் கோட்டையில் கூடி ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஃபெர்டினாண்டை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடற்கரையின் பெரும்பகுதி வெனிஸ் கையில் இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு 1991-இல் பிறந்த நாடு என்று தொடங்கினால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில் டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் மேல் யூகோஸ்லாவியப் படையின் குண்டு விழுந்ததை உருக்கமாக எழுதியவர், 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை முன்னேறியபோது குரோஷியாவிலேயே வாழ்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் வீடு வாசலை விட்டு ஓடியதை ஏனோ தொடவில்லை.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது கால் பக்கமாவது ஒதுக்கி ஒரு வரைபடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி