வெல்ஷ் பேசுவோர் கணக்கு: பகுதிவாரியாகப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேல்ஸில் வெல்ஷ் மொழி மீண்டெழுந்து வருவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வேல்ஸின் தென்மேற்கில் உள்ள கார்மார்தன்ஷயரில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கும் அந்தக் கதை அப்படியே உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை உண்டு. ஆனால் 2011-இல் 19 சதவீதமாக இருந்த வெல்ஷ் பேசுவோர் இப்போது 29 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியல்ல. அந்த இரண்டு எண்களும் வெவ்வேறு படியால் அளக்கப்பட்டவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்துப் பார்ப்பதற்கு இடமில்லை.

19 சதவீதம் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண். ஏறத்தாழ 29 சதவீதம் என்பது, குறிப்பிட்ட சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேட்டி காண்பவர் ஒருவர் கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளும் ஆண்டு மாதிரி ஆய்வின் எண். 2011-ஐ எதனோடாவது ஒப்பிட வேண்டுமானால் 2021 கணக்கெடுப்போடுதான் ஒப்பிட வேண்டும். அதன்படி, மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், அதாவது சுமார் 5,38,300 பேர். 2001-இல் இது 20.8 சதவீதமாக இருந்தது. வளர்ந்ததாகக் கட்டுரை சொல்லும் இடத்தில் கணக்கெடுப்பு காட்டுவது தேய்வையே. 2050-க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சமாக வேண்டும் என்று 2017-இல் வேல்ஸ் அரசு வகுத்த இலக்கும் கணக்கெடுப்பைக் கொண்டே அளக்கப்படுகிறது.

ஒரே நாட்டில் ஒரே காலத்தில் எடுத்த இரண்டு கணக்குகளுக்கு இடையே இத்தனை தூரம் எப்படி வரும் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 மார்ச் 21-ஆம் தேதி கணக்கெடுப்பு நாள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. பெருந்தொற்றால் மூடிக்கிடந்த பள்ளி திறந்து ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. வெல்ஷ் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வாரா, பேசுவாரா, படிப்பாரா, எழுதுவாரா என்று படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. நான் முதல் இரண்டையும் குறித்தேன். "ரெண்டு மாசமா வீட்டுல தமிழும் இங்கிலீஷும்தான் பேசிட்டிருந்தா, நீ பாட்டுக்கு டிக் போடறியே" என்றார் கணவர். மகள் அப்போது பத்து வரை எண்ணுவாள், மழை பெய்கிறது என்பாள், நான்கைந்து பாட்டுகளை முழுதாகப் பாடுவாள். அது பேச்சா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர்களோ வெல்ஷ் அறியாத நாங்கள் இருவர். கடைசியில் 'பேசுவார்' கட்டத்தில் என் குறியே நின்றது; அடுத்த தெருவில் அதே வகுப்புக் குழந்தை உள்ள இன்னொரு வீட்டில் அது நின்றிருக்காது. 5 முதல் 15 வயது வரையுள்ளவர்களில் வெல்ஷ் பேசுவோர் 2011-இல் 40.3 சதவீதம், 2021-இல் 34.3 சதவீதம் என்று பின்னர் வெளியான கணக்கைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த அந்த விவாதம்தான். அந்தச் சரிவில் எவ்வளவு உண்மையான இழப்பு, எவ்வளவு பெற்றோரின் தயக்கம் என்பதைப் படிவம் பிரித்துச் சொல்லாது.

இவ்வளவும் எண்ணை எடுத்த விதம் பற்றியது. நான் எழுதத் துணிந்ததற்குப் பெரிய காரணம் வேறு. 17.8 என்றாலும் 29 என்றாலும், நாடு முழுவதற்குமாக ஒரே சதவீதத்தைச் சொல்லும்போது, அந்தச் சதவீதத்தில் எந்த ஊரும் வாழவில்லை என்பது மறைந்துபோகிறது. வடமேற்கில் குவினெத் பகுதியில் 2021-இல் வெல்ஷ் பேசுவோர் 64.4 சதவீதம். தென்கிழக்கில் பிளைனாய் குவெண்ட் பகுதியில் 6.2 சதவீதம். காரில் நான்கு மணி நேரத் தொலைவுகூட இல்லாத இவ்விரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. குவினெத்தில் உள்ளாட்சி மன்றத்தின் உள் நிர்வாகமே வெல்ஷ் மொழியில் நடக்கிறது. அங்குள்ள கர்நார்வன் ஊரில் கடைக்குள் நுழைபவரிடம் கடைக்காரர் முதலில் வெல்ஷ் மொழியில்தான் பேசுவார். பிளைனாய் குவெண்டில் பள்ளிக்கு வெளியே அதைக் கேட்பது அரிது.

காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் சிக்கலாகிறது. வெல்ஷ் பற்றி முதன்முதலாகக் கணக்கெடுப்பில் கேட்டது 1891-இல். அப்போது பேசுவோர் ஏறத்தாழ 54 சதவீதம். 1901-இல் அது பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. ஆனால் தலைகளை எண்ணினால் உச்சம் 1911-இல்தான்: சுமார் 9,77,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 1,90,000 பேருக்கு வெல்ஷ் தவிர வேறு மொழி தெரியாது. சதவீதம் குறையும்போதே எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் நிலக்கரி. தெற்குப் பள்ளத்தாக்குகளுக்கு வேலை தேடி வந்த வேல்ஸ் கிராமத்தார் தங்கள் மொழியோடு வந்தார்கள். அவர்களைவிட அதிகமாக இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் மொழியோடு வந்தார்கள். அதன்பின் போர், 1920-களின் வேலையில்லாத் திண்டாட்டம், ஊரைவிட்டுப் போனவர்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலமே பிழைப்பு தரும் என்று நம்பிய பெற்றோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 1981-இல் சதவீதம் 19-க்கும் கீழே போயிற்று. ரோந்தா பள்ளத்தாக்கும் மெர்தர் டிட்வில் ஊரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்ஷ் புழங்கிய தொழில் ஊர்கள் என்று இன்று அங்கே போய்ச் சொன்னால் இளைஞர்கள் சிலர் வியப்போடு பார்க்கிறார்கள்.

2011-க்கும் 2021-க்கும் இடையே வேல்ஸின் 22 உள்ளாட்சிப் பகுதிகளில் நான்கில் மட்டுமே சதவீதம் கூடியது. அவை கார்டிஃப், வேல் ஆஃப் கிளமோர்கன், ரோந்தா கானன் தாவ், மெர்தர் டிட்வில் ஆகியவை. நான்கும் தென்கிழக்கில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. தாய்மொழியாக வெல்ஷ் ஏறத்தாழ அற்றுப்போய், பிறகு பள்ளிகளின் வழியாகத் திரும்பி வந்த பகுதிகள். தெற்கின் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி 1962-இல் பொன்டிபிரித் அருகே தொடங்கப்பட்டது. அங்கே படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பறைகளில் இருக்கிறார்கள். தலைநகர் கார்டிஃபில் பேசுவோர் 11.1-இலிருந்து 12.2 சதவீதமாகக் கூடி, 42,000-ஐத் தாண்டிவிட்டார்கள். கட்டுரையாளர் கார்டிஃபில் தங்கி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மொழி வளர்வதாகத்தான் தெரியும்.

எங்கள் பகுதியிலிருந்து பார்த்தால் வேறு. கார்மார்தன்ஷயரில் வெல்ஷ் பேசுவோர் 2001-இல் 50.3 சதவீதம், 2011-இல் 43.9, 2021-இல் 39.9. கடைசிப் பத்தாண்டில் நாட்டிலேயே மிகப் பெரிய சரிவு இங்கேதான். அம்மன், குவென்ட்ரைத் பள்ளத்தாக்குகளில் சுரங்கத்துக்குள்ளேயும் வெல்ஷ் பேசிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது, சுரங்கங்களும் மூடிவிட்டன. படித்த பிள்ளைகள் வேலைக்காகக் கார்டிஃப் போகிறார்கள், அதாவது தலைநகரின் ஏற்றத்தில் ஒரு பங்கு எங்கள் இறக்கம். அவர்கள் விட்டுப்போகும் ஊருக்கு, ஓய்வு பெற்றபின் அமைதியான இடம் தேடி இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வந்து குடியேறியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் என் குடும்பமும் அந்தச் சதவீதத்தைச் சிறிது இறக்கியிருக்கிறது.

பத்துப் புள்ளி குறைந்ததற்கு இத்தனை கவலை எதற்கு என்று தோன்றலாம். இதைப் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மொழி பேசப்பட இரண்டு பேர் வேண்டும். ஊரில் முன்பின் தெரியாத இருவர் தற்செயலாகச் சந்திக்கும்போது இருவருக்குமே வெல்ஷ் தெரிந்திருக்கும் வாய்ப்பு, அந்தச் சதவீதத்தின் வர்க்கம். குவினெத்தில் அது நூற்றுக்கு 41. கார்மார்தன்ஷயரில் 2001-இல் நூற்றுக்கு 25; 2021-இல் 16. தெரிந்தவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றுதான் குறைந்தது. சந்திப்பில் மொழி புழங்கும் வாய்ப்போ மூன்றில் ஒன்றுக்கு மேல் குறைந்துவிட்டது. வளரும் கார்டிஃபில் இதே வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை. நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்து பழகும் உண்மையான ஊர் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லைதான். ஆனாலும் ஓரிடத்தில் அடர்த்தியாக இருக்கும் ஆயிரம் பேரும், பெருநகரில் சிதறிக் கிடக்கும் ஆயிரம் பேரும் மொழிக்கு ஒன்றல்ல என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை. வார்டு வாரியான கணக்கும் இதையே சொல்கிறது. எழுபது சதவீதத்துக்கு மேல் வெல்ஷ் பேசிய வார்டுகள் 2001-இல் 54 இருந்தன, 2011-இல் 39.

எங்கள் தெருமுனைக் கடையில் இது நாள்தோறும் நடக்கிறது. எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் காலையில் செய்தித்தாள் வாங்க வருவார். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு 'போரே தா' என்று காலை வணக்கம் சொல்லி, மழையைப் பற்றியோ ஆட்டு விலையைப் பற்றியோ வெல்ஷ் மொழியில் இரண்டு வாக்கியம் பேசுவார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரியும். சரியான இடத்தில் சிரிப்பாள், சரியான பதிலும் சொல்வாள், ஆங்கிலத்தில். பிறகு பெரியவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். கணக்கெடுப்புப் படிவத்தில் அந்தப் பெண் 'கேட்டுப் புரிந்துகொள்வார்' என்ற ஒரு கட்டத்துக்குள் இருப்பாள். வேல்ஸ் முழுவதிலும் அப்படிப் புரிந்துகொள்ள மட்டும் முடிந்தவர்கள் ஐந்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறார்கள். பேசுவது, படிப்பது, எழுதுவது மூன்றும் கைவந்தவர்கள் 14.2 சதவீதம். 'வெல்ஷ் தெரிந்தவர்' என்று கட்டுரையில் ஒரே சொல்லில் அடங்கிப்போனவர்களுக்குள் இத்தனை படிநிலை இருக்கிறது. 2025-இல் நிறைவேறிய வெல்ஷ் மொழி, கல்விச் சட்டம், மொழித்திறனை ஐரோப்பாவில் வழங்கும் படிநிலைகளை ஒட்டி விவரிக்க வழி செய்திருப்பதை நான் வரவேற்பதற்கு இந்தக் கல்லாப் பெண்ணே காரணம்.

வடமேற்கின் கதையில் வீட்டு விலை பெரிய பாத்திரம். கடலோரக் கிராமங்களில் வீடுகள் விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் இரண்டாம் வீடுகளாகிவிட, உள்ளூர் இளம் தம்பதியருக்கு வாங்கும் சக்தி இல்லை. 2023 ஏப்ரல் முதல் இத்தகைய வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரப்பட்டது; குவினெத் 150 சதவீதம் விதித்தது. மொழிப் பாதுகாப்பு என்றால் பாடநூலும் தொலைக்காட்சியும்தான் என்று எண்ணுபவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். குவினெத்தின் சதவீதம் 2001-இல் 69 ஆக இருந்து 2011-இல் 65.4 ஆகவும், 2021-இல் 64.4 ஆகவும் இறங்கியது. இரண்டாம் பத்தாண்டில் வேகம் குறைந்திருக்கிறது என்பது சிறு ஆறுதல்.

பகுதிவாரியாக எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழக்கூடும். 1974-இலும் 1996-இலும் வேல்ஸின் நிர்வாக எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 1981-இன் குவினெத்தில் ஆங்கிள்சி தீவு சேர்ந்திருந்தது, இன்றைய குவினெத்தில் அது இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி எண்களை வரிசையாக அடுக்கினால் பிழை வரும். அடுத்தது, ஒரு பகுதியின் சராசரிக்குள்ளேயே இரண்டு நாடுகள் இருக்கலாம். எங்கள் அண்டைப் பகுதியான பெம்ப்ரோக்ஷயரில் சுமார் 17 சதவீதம் என்றால், வடக்குக் கிராமங்களில் வெல்ஷ் கேட்கும், தெற்கில் நூற்றாண்டுகளாகவே ஆங்கிலம்தான். லாண்ட்ஸ்கர் என்று அந்த மொழி எல்லைக்குப் பெயரே உண்டு.

ஆகவே, தங்கள் நாளிதழ் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: 29 சதவீதம் மாதிரி ஆய்வின் எண் என்றும், கணக்கெடுப்பின்படி 2021-இல் 17.8 சதவீதம் என்றும். இடம் இருந்தால் குவினெத், கார்மார்தன்ஷயர், கார்டிஃப் ஆகிய மூன்று பகுதிகளின் எண்களையும் 2001, 2011, 2021 என்று ஆண்டுவாரியாகச் சேர்த்து அச்சிடுங்கள். 2031-இல் அடுத்த கணக்கெடுப்பு வரும்போது எங்கள் மகளுக்குப் பதினைந்து வயதாகியிருக்கும். இப்போது அவள் தோழியிடம் தொலைபேசியில் வெல்ஷ் மொழியில் ரகசியம் பேசுகிறாள். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரிவதில்லை. அந்தக் கட்டத்தை அப்போது அவளே குறித்துக்கொள்வாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
கார்மார்தன்ஷயர், வேல்ஸ்